இரவுத் தொடர் ஓட்டம்: வேன் ஓட்டுபவரை யார் கணக்கில் சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் மாற்றி ஒருவர் ஓட, மற்றவர்கள் வேனில் வர, இரவு முழுக்க அணியாக ஓடும் தொடர் ஓட்டத்தைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 10 கிலோமீட்டர் ஓடத் தெரிந்த எவரும் இதில் சேரலாம் என்று முடிந்திருந்தது. ஓட்டத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் 32 மணி நேரம் நீளும் பந்தயத்தில் ஒருவர் உண்மையில் ஓடுவது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. மீதி 29 மணி நேரத்தை அவர் எப்படிக் கழிக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அணி கரை சேரும். அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் வேன் ஓட்டுபவர்களுமாகச் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கட்டுரையில் வராமல்போன பாதியை, புதிதாகப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம்.

இது நேற்று முளைத்த பந்தயம் அல்ல. 1917இல் ஜப்பானில் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், 23 கட்டங்களாக, இரவு பகல் பார்க்காமல் மூன்று நாள் ஓடினார்கள். பின்லாந்தில் 1949 முதல் நடக்கும் யுகோலா ஏழு பேர் கொண்ட அணிகளுக்கானது. இரவு 11 மணிக்கு வரைபடத்தோடு காட்டுக்குள் இறங்க வேண்டும். இன்றைய சாலைப் பந்தயங்கள் பலவற்றின் அமைப்பு, 1982இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எட்டே அணிகளோடு தொடங்கிய ஹூட் டு கோஸ்ட் பந்தயத்தை ஒத்தது: 12 பேர், இரண்டு வேன், 36 கட்டம், ஏறக்குறைய 320 கிலோமீட்டர்.

இந்த அமைப்பை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு மூன்று கட்டம். ஒரு கட்டம் சராசரியாக 9 கிலோமீட்டர். 5 முதல் 13 வரை கூடும், குறையும். முதல் ஆறு பேர் முதல் வேனில், மற்ற ஆறு பேர் இரண்டாவது வேனில். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று வைத்தால், ஒரு வேனின் ஆறு பேரும் ஒரு முறை ஓடி முடிக்க 5 மணி 20 நிமிடம் ஆகும். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் முதல் வேனின் வேலை 11.20க்கு முடியும். இரண்டாவது வேன் மாலை 4.40 வரை ஓடும். மறுபடி முதல் வேன் இரவு 10 வரை, இரண்டாவது வேன் விடிகாலை 3.20 வரை, முதல் வேன் காலை 8.40 வரை, கடைசியாக இரண்டாவது வேன் மதியம் 2 மணி வரை. இந்த அட்டவணையைக் காகிதத்தில் எழுதி இரண்டு வேனிலும் ஒட்டுங்கள். செல்போனில் இருந்தால் போதாது. சிக்னல் இல்லாத இடத்தில்தான் அது தேவைப்படும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் பெயர்ப் பதிவுப் படிவம்தான். வேகத்தைக் கேட்டால் எல்லோரும் தங்கள் வாழ்நாளின் சிறந்த நேரத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் கிலோமீட்டருக்கு வெறும் 20 விநாடி வேகமாகச் சொன்னாலே 320 கிலோமீட்டரில் 1 மணி 47 நிமிடம் பிசகும். அமைப்பாளர்கள் அணிகள் சொன்ன வேகத்தை வைத்துத்தான் புறப்படும் நேரம் கொடுக்கிறார்கள்: மெதுவான அணி முன்னால், வேகமான அணி பின்னால். மிகைப்படுத்திச் சொன்ன அணி தாமதமாகக் கிளம்பி, கடைசிக் கட்டங்களில் நேரக் கெடுவில் மாட்டிக்கொள்ளும். குறைத்துச் சொன்ன அணியோ, இன்னும் திறக்காத மாற்று முனைக்கு (ஒருவர் ஓட்டத்தை முடித்து அடுத்தவர் தொடங்கும் இடம்) வந்து சேர்ந்து, உடம்பு சில்லிட்டுப் போகும்வரை நிற்க வேண்டியிருக்கும். எங்கள் வழக்கம் இது: கடந்த ஒரு மாதத்தில் 10 கிலோமீட்டரை எந்த வேகத்தில் ஓடினாரோ அதை முதல் கட்டத்துக்கு வைப்போம். இரவுக் கட்டத்துக்குக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 விநாடி கூட்டுவோம். மூன்றாவதற்கு 30 முதல் 40 விநாடி. ஏற்றம் அதிகமென்றால் அதற்குத் தனியாக.

யாருக்கு எந்தக் கட்டம் என்று பிரிக்கும்போது எல்லோருடைய கண்ணும் ஏற்றத்தின் மேல்தான் போகிறது. கவனிக்க வேண்டியது இறக்கத்தை. சரிவில் இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. தசை நார்கள் நுணுக்கமாகச் சேதப்படுவது அப்போதுதான். அந்த வலி உடனே தெரியாது. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். முதல் கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் இடைவெளி சுமார் 21 மணி நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் சரிவில் பறந்து வந்து கைதட்டு வாங்கியவர், மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கவே இருக்கையைப் பிடித்துக்கொள்வார். ஆகவே நீண்ட இறக்கத்தை, அதற்கென்று பழகியவருக்கு மட்டும் கொடுங்கள். பயிற்சியையும் இதே மாதிரி அமையுங்கள். வாரக் கடைசியில் ஒரே மூச்சில் 25 கிலோமீட்டர் ஓடுவதைவிட, மாலையில் 8 கிலோமீட்டர், விடிகாலையில் 6, மதியம் 8 என்று 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை ஓடுவது பயன்படும். பந்தயத்துக்கு முந்தைய எட்டு வாரங்களில் இதை இரண்டு மூன்று தடவை செய்தால் போதும்.

அடுத்தது மாற்று முனை. நாள் முழுக்கச் சேமித்த நிமிடங்களை அணிகள் கோட்டைவிடும் இடம் இது. பல பந்தயங்களில் கைமாற்றும் கோலுக்குப் பதில், மணிக்கட்டில் தட்டினால் சுருண்டு கொள்ளும் பட்டை கொடுக்கிறார்கள். வியர்த்த கையிலிருந்து நழுவாது, இருட்டில் உருண்டு ஓடாது. பட்டை வந்து சேர்ந்தும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததுதான் தொல்லை. ஓடுபவர் ஒரு கட்டத்தை முடிக்க 53 நிமிடம் ஆகிறது. அதே தூரத்தை வேன் கடக்க 15 நிமிடம் போதும் என்று தோன்றும். ஆனால் மாற்று முனையின் வண்டி வரிசை, நிறுத்த இடம் தேடுவது, கழிப்பறை வரிசை என்று அரை மணி நேரம் போன இடம் தெரியாது. இதில் நடுவழியில் நிறுத்தித் தண்ணீர் கொடுக்கவும் ஆசைப்படுவார்கள். 9 கிலோமீட்டர் கட்டத்தில் ஒரு முறை நிறுத்தலாம். 5 கிலோமீட்டர் கட்டம் என்றால் ஓட்டமே 30 நிமிடம்தான். அங்கே நிறுத்தாதீர்கள், ஓடுபவர் கையிலேயே ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்புங்கள்.

இரவில் இன்னொரு சிக்கல். வருகிறவர் முகம் தெரியாது; ஆடும் வெளிச்சப் புள்ளி மட்டும்தான் தெரியும். எண் அட்டையை மார்பில் குத்தியிருப்பார், அதன்மேல் ரிஃப்ளெக்டர் சட்டையைப் போட்டிருப்பார், எண் மறைந்துபோகும். அட்டையை இடுப்புப் பட்டையில் மாட்டி, சட்டைக்குக் கீழே தொங்கும்படி விட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. அணியில் ஒருவர் மாற்று முனைக்கு 300 மீட்டர் முன்னால் போய் நின்று எண்ணைக் கூவிச் சொல்ல வேண்டும். கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் அந்த 300 மீட்டர் கொடுக்கும் அவகாசம் 1 நிமிடம் 48 விநாடி. ஜாக்கெட்டைக் கழற்றி, கடிகாரத்தை இயக்கி, கோட்டில் வந்து நிற்க அது போதும். ஓடப்போகிறவர் அதற்கு 20 நிமிடம் முன்பே வேனை விட்டு இறங்கியிருக்க வேண்டும். இருக்கையில் சாய்ந்தபடி 'வந்ததும் கூப்பிடு' என்பதெல்லாம் பகலில் நடக்கும், விடிகாலை 2 மணிக்கு நடக்காது.

வெளிச்சத்துக்கு வருவோம். ஹெட்லேம்ப் வாங்கும்போது எத்தனை லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று மட்டும் பார்க்கிறார்கள். சாலைக்கு 200 முதல் 300 தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கானது, முழு வெளிச்சத்தில் அதில் சிறு பங்குதான் தாங்கும். குளிரில் சாதாரண பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்கும், லித்தியம் பரவாயில்லை. நெற்றியில் விளக்கு இருந்தால் வெளிச்சமும் பார்வையும் ஒரே கோட்டில் போவதால், கல்லின் நிழலைக் கல்லே மறைத்துவிடும். சாலை தட்டையாகத் தெரியும், கால் பிசகும். இடுப்பில் இன்னொரு சிறு விளக்கைக் கட்டினால் மேடு பள்ளம் நிழலோடு துலங்கும். மூடுபனியிலும் இடுப்பு விளக்குதான் நல்லது. நெற்றி வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும்.

பின்பக்கம் சிவப்பு மின்னி விளக்கைச் சட்டையில் மாட்டும்போது, ஓட ஓட அது துணிக்குள் புரண்டுவிடுகிறதா என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்டவருக்குத் தெரியாது. ரிஃப்ளெக்டர் சட்டை மட்டும் இருந்தால் ஓட்டுநருக்கு அது சாலையோரத்து ஏதோ ஒரு பலகை மாதிரித்தான் தெரியும். கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளிரும் பட்டை கட்டினால், அந்த அசைவைப் பார்த்ததும் மனிதர் என்று மூளை சட்டெனப் பிடித்துக்கொள்ளும். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது இதைத்தான்: இருட்டில் மூட்டுகளில் வைத்த சில ஒளிப்புள்ளிகள் அசைந்தாலே அது நடக்கும் மனிதர் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடியான ஓரத்தில் ஓடுங்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள்; பல பந்தயங்களில் இரவில் அதற்குத் தடையே உண்டு. வேனிலிருந்து இறங்கிச் சும்மா நிற்பவருக்கும் ரிஃப்ளெக்டர் சட்டை வேண்டும். அவரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வழி தவறுவதும் இருட்டில் சகஜம். திரும்ப வேண்டிய இடங்களைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொள்ளுங்கள்: '3.2 இடது, 5.7 வலது' என்ற அளவில் போதும். திருப்பம் வரவேண்டிய தூரத்தைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் ஓடியும் பந்தயக் குறி ஏதும் கண்ணில் படாவிட்டால் நின்று, வந்த வழியே திரும்புங்கள். முன்னால் போகிறவரை நம்பிப் பின்தொடர்ந்தால் இருவரும் சேர்ந்து தொலைவீர்கள்.

இப்போது இந்தக் கடிதத்தின் முக்கியமான விஷயம், வேன் ஓட்டுபவர். மேலே போட்ட அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். காலை 6 மணிப் புறப்பாட்டுக்கு 4 மணிக்கு எழுந்தவர், இரவு 9 மணிக்குள் 17 மணி நேரம் விழித்திருக்கிறார். 17 மணி நேர விழிப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவுக்குச் சமமாகச் செயல்திறனைக் குறைக்கிறது. 24 மணி நேரமானால் 0.10 சதவீதத்துக்குச் சமம். 1997இல் வெளியான ஆய்வின் அளவு இது. அந்த 24 மணி நேரம் நிறைவது விடிகாலை 4 மணிக்கு. உடலின் வெப்பநிலையே அன்றைய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும் வேளையும் ஏறக்குறைய அதுதான். இரண்டாவது வேன் தன் இரவுக் கட்டங்களை முடித்துவிட்டு அடுத்த பெரிய மாற்று முனைக்கு, அதாவது ஒரு வேன் இன்னொரு வேனுக்கு ஓட்டத்தை ஒப்படைக்கும் இடத்துக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போக வேண்டியது 3.20க்கு. உள்ளே ஆறு பேரும் களைத்துத் தூங்குகிறார்கள். ஓட்டுபவரும் அவர்களைப் போலவே இரவில் 9 கிலோமீட்டர் ஓடியவர் என்றால், அந்த வேனில் ஏறக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து.

ஒரு வேனுக்கு ஓடாத ஓட்டுநர் ஒருவர் கட்டாயம். இருவர் இருந்தால் நல்லது. அவருக்கு மாலையிலேயே தூக்கம் ஒதுக்க வேண்டும், மிச்சம் மீதி நேரத்தில் அல்ல. முன் இருக்கையில் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும், அதற்கு முறை வையுங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும்; ஆகவே குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடி, பிறகு ஓட்டுவது பலன் தரும். கொட்டாவியும், பாதை மறந்துபோவதும், வண்டி கோட்டைத் தாண்டுவதும் வந்துவிட்டால் காபிக்கான கட்டம் கடந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான். அதனால் ஒரு மாற்று முனைக்குத் தாமதமானால் ஆகட்டும்.

தூக்கத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஓய்வு என்று 5 மணி 20 நிமிடம் அட்டவணையில் இருக்கும். கடைசி ஆளை ஏற்றிக் கிளம்ப 20 நிமிடம், பயணம் 1 மணி 10 நிமிடம், சாப்பாடும் உடை மாற்றமும் அரை மணி, எழுந்து தயாராக 45 நிமிடம். மிஞ்சுவது 2 மணி 35 நிமிடம். பலர் ஓடி முடித்த இடத்திலேயே தூங்கிவிட்டுப் பிறகு பயணம் செய்யப் பார்க்கிறார்கள். அது தலைகீழ். முதலில் அடுத்த பெரிய மாற்று முனைக்குப் போய்விடுங்கள், அங்கே தூங்குங்கள். அலாரம் கேட்காவிட்டாலும் யாராவது தட்டி எழுப்புவார்கள். எழுந்த மந்தத்தில் வண்டி ஓட்டவும் வேண்டாம். தூங்கினால் 20 நிமிடம், இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பினால் அரை மணி நேரம் வரை தலை கனக்கும்.

எங்கே படுக்கிறோம் என்பதும் உயிர்ப் பிரச்சினை. வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில், வேனுக்கு முன்னாலோ பின்னாலோ நிழலாக இருக்கிறதென்று படுக்கக் கூடாது. இருட்டில் தூக்கப்பை ஓட்டுநர் கண்ணில் படாது. மூடிய வேனில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியோ ஹீட்டரோ போட்டுத் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. ஓடி முடித்ததும் வேனில் தாவி ஏறி மடங்கி உட்கார்ந்தால் ஒன்பது மணி நேரம் கழித்துக் கால் நீளாது. பத்து நிமிடம் நடங்கள், ஈர உடையை உடனே மாற்றுங்கள். மூன்று ஜிப் பைகளில் மூன்று கட்டத்துக்கும் பனியன், கால்சட்டை, சாக்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கட்டி எண் எழுதுங்கள். கழற்றியதை அதே பையில் போட்டு இறுக்கி மூடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அணியின் ஒற்றுமையே அடங்கியிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியும் ஏறக்குறைய சரியாக வரும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக. இரவில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும்; பகலில் ஒத்துக்கொண்ட அதே சாப்பாடு இரவு 1 மணிக்கு வயிற்றைப் பிரட்டும். கெட்டியான உணவை ஓடுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். எண்ணெயும் நாரும் குறைவாக, உப்பு சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

ஆறு பேர் அணி என்று ஒரு பிரிவும் உண்டு: ஒரே வேன், ஆளுக்கு ஆறு கட்டம், நீண்ட ஓய்வே இல்லை. முதல் தடவை வருகிறவர்கள் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். யாராவது நடுவில் காயம்பட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு பந்தயத்திலும் விதி வேறு: சிலவற்றில் அடுத்தவர் உடனே தொடரலாம், சிலவற்றில் வரிசை மாறக் கூடாது. விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இரவு 2 மணிக்கு அதைத் தேடிப் படித்துப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. அணிக்குப் பெயர் வைக்கவும் பனியன் நிறம் தேரவும் செலவழிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

அமைப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. பதிவுப் படிவத்தில் 12 ஓட்டக்காரர்களின் வயது, வேகம், ரத்த வகை வரை கேட்கிறீர்கள். வேன் ஓட்டுபவரின் பெயருக்கு ஒரு கட்டம்கூட இருப்பதில்லை. ஒவ்வொரு வேனுக்கும் ஓடாத ஓட்டுநர் ஒருவரின் பெயரும் மாற்று ஆளின் பெயரும் இல்லாத படிவத்தை ஏற்காதீர்கள். நள்ளிரவுக்குப் பிறகு வரும் பெரிய மாற்று முனையில் வாகனத் தடமே இல்லாத, கயிறு கட்டிய தூங்கும் இடம் ஒன்றை ஒதுக்குங்கள். பந்தய முடிவிலும் அதே மாதிரி ஓர் இடம் வேண்டும். மதியம் 2 மணிக்குப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, 34 மணி நேரம் விழித்த கண்ணோடு 320 கிலோமீட்டர் திரும்பி ஓட்டிப் போகிற வேன்களை இப்போது யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
தொலைதூரத் தொடர் ஓட்ட அணிகளின் பயிற்சியாளர்களும் வேன் ஓட்டுநர்களும்